குண்டு இலேசானால் உதை குறையுமா?

கேள்வி: ஐயா, நான் கனடாவில் ஆல்பர்ட்டா மாகாணத்தில் குடியிருக்கிறேன். துப்பாக்கி உரிமம், வேட்டை உரிமம் இரண்டும் முறையாக வைத்திருக்கிறேன். வேட்டையை விட்டுவிட்ட பெரியவர் ஒருவரிடமிருந்து .375 ஹெச் அண்ட் ஹெச் மேக்னம் ரைஃபிள் ஒன்றை நல்ல விலைக்கு வாங்கினேன். கடையில் கிடைப்பதெல்லாம் 270, 300 கிரெயின் குண்டு போட்ட தோட்டாக்கள்தான். விலையும் கட்டுப்படியாகவில்லை, நாலைந்து தடவை சுட்டாலே தோள் கன்றிப்போகிறது. நான் வேட்டையாடுவது பெரும்பாலும் மான், எப்போதாவது எல்க். 200 அல்லது 235 கிரெயின் குண்டு போட்டு நானே தோட்டா நிரப்பினால் உதை பாதியாகிவிடும் என்கிறார் ஒரு நண்பர். இலேசான குண்டு மானின் தோலிலேயே சிதறிவிடும் என்று இன்னொருவர் பயமுறுத்துகிறார். யார் சொல்வது சரி? மருந்து எவ்வளவு போட வேண்டும்?

பதில்: இரண்டு நண்பர்களும் பாதி சரி. குண்டை மட்டும் இலேசாக்கிவிட்டு, அது எவ்வளவு வேகமாகப் போக முடியுமோ அவ்வளவு வேகமாக விரட்டினால் உதை பெரிதாகக் குறையாது. குண்டு சிதறும் ஆபத்தும் கூடும். எடையோடு வேகத்தையும் இறக்கி, அந்த வேகத்துக்கென்றே செய்யப்பட்ட குண்டாகப் பார்த்து எடுத்தால், உங்கள் ரைஃபிள் மானுக்கு மிகப் பொருத்தமான கருவியாகிவிடும்.

மருந்தளவுக் கேள்விக்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன். எத்தனை கிரெயின் மருந்து என்ற எண்ணை இந்தப் பகுதியில் எழுத மாட்டேன். ஒரே எடையுள்ள இரண்டு குண்டுகளுக்கே அளவு வேறுபடும். செம்புக் குண்டு நீளமானது, கூட்டுக்குள் அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். ஈயம் நிரப்பிய குண்டு குட்டையானது. பிரைமர் மாறினாலும், பித்தளைக் கூட்டின் தயாரிப்பு மாறினாலும் அழுத்தம் மாறும். அச்சில் ஓர் இலக்கம் புரண்டால் ஒருவருடைய கண்ணோ கையோ போய்விடும். ஹாட்ஜ்டன், ஸ்பியர், ஹார்னடி, நாஸ்லர், பார்ன்ஸ் போன்ற நிறுவனங்கள் தங்கள் மருந்துக்கும் குண்டுக்கும் சோதனைக்கூடத்தில் அழுத்தத்தை அளந்து கையேடு வெளியிடுகின்றன. நீங்கள் வாங்கிய குண்டைத் தயாரித்தவரின் கையேட்டில் இருப்பதுதான் உங்களுக்கான அளவு. அதில் தொடக்க அளவு என்று போட்டிருப்பதிலிருந்து தொடங்குங்கள்.

இனி உதைக்கு வருவோம். ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் நிறுவனம் இந்தத் தோட்டாவை 1912-இல் வெளியிட்டபோதே 235, 270, 300 கிரெயின் என்று மூன்று எடைகளில் குண்டு கொடுத்தது. இலேசான குண்டு நேற்று வந்த புதுமை அன்று. 300 யானைக்கும் காட்டெருமைக்கும். 235 திறந்தவெளியில் நிற்கும் மான் வகைகளுக்கு. 15.4 கிரெயின் ஒரு கிராம் என்பதால், 300 கிரெயின் என்றால் ஏறத்தாழ 19.4 கிராம், 235 என்றால் 15.2 கிராம்.

ஸ்கோப்போடு சேர்த்து 9 பவுண்டு, அதாவது சுமார் 4 கிலோ எடையுள்ள ரைஃபிளுக்கு நான் போட்ட கணக்கு இது. 300 கிரெயின் குண்டு விநாடிக்கு 2530 அடி வேகத்தில் கிளம்பினால் தோளில் விழும் உதை ஏறத்தாழ 38 அடி-பவுண்டு. 235 கிரெயின் குண்டை முழு வேகமான 2800 அடிக்கு விரட்டினால் 32. குண்டின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைத்தும் உதை ஆறில் ஒரு பங்குதான் குறைகிறது. குண்டு இலேசானதும் வேகம் கூடிவிடுகிறது; எரியும் மருந்தும் குறைவதில்லை. குழலின் முனையிலிருந்து பீறிடும் வாயு குண்டைவிட வேகமாகப் பாய்கிறது, அதுவும் தோளைத் தள்ளுகிறது. அதே 235-ஐ 2400 அடி வேகத்துக்கு இறக்கிப் பாருங்கள்: உதை 23 அடி-பவுண்டுக்கு வந்துவிடும். இதே எடையுள்ள ஒரு .30-06 ரைஃபிள் 17 முதல் 20 வரை உதைக்கும். அதாவது, ஊரெல்லாம் மானுக்குப் பயன்படுத்தும் ரைஃபிளுக்குக் கொஞ்சம் மேலே வந்து நிற்கிறீர்கள். உங்கள் நண்பர் சொன்ன "பாதி" என்ற கணக்குக்கு அருகே போக வழி இது ஒன்றுதான்.

வேகத்தைக் குறைத்தால் வலு போதுமா என்று கேட்பீர்கள். 2400 அடியில் கிளம்பும் 235 கிரெயின் குண்டுக்கு ஆற்றல் 3000 அடி-பவுண்டு. 165 கிரெயின் குண்டோடு .30-06 தருவது 2900-க்குச் சற்றுக் குறைவு. 200 கஜத்தில்கூட உங்கள் குண்டிடம் 1900 அடி-பவுண்டு மிச்சமிருக்கும். எந்த மானுக்கும் அது தாராளம்.

இரண்டாவது நண்பரின் பயத்தையும் ஒதுக்கிவிடக் கூடாது. குண்டு எவ்வளவு ஆழம் போகும் என்பதை முன்கூட்டி ஊகிக்க ஒரு பழைய கணக்கு உண்டு: பவுண்டில் உள்ள எடையை, அங்குலத்தில் உள்ள விட்டத்தின் வர்க்கத்தால் வகுப்பது. .375 விட்டத்தில் 300 கிரெயினுக்கு அது 0.305, 270-க்கு 0.274, 235-க்கு 0.239; 200-க்கு 0.203. .30 ரக ரைஃபிளின் .308 விட்டத்தில் 150 கிரெயினுக்கு 0.226, 165-க்கு 0.248. ஆக, உங்கள் 235 இந்த இரண்டுக்கும் நடுவில் உட்காருகிறது. அந்த இரண்டு எடைகளாலும் வட அமெரிக்காவில் எத்தனையோ தலைமுறையாக மான் வேட்டையாடுகிறார்கள். 200 கிரெயின் அப்படியல்ல. அந்த விட்டத்துக்கு அது கட்டையான, குட்டையான குண்டு.

இந்த 200, 220 கிரெயின் குண்டுகளின் கதை தெரிந்தால் சிதறல் ஏன் என்பது விளங்கும். சியர்ராவின் 200, ஹார்னடியின் 220 ஆகிய தட்டை மூக்குக் குண்டுகள் உங்கள் மேக்னத்துக்காகச் செய்யப்பட்டவை அல்ல. 1978-இல் வின்செஸ்டர் நிறுவனம் தன் லீவர் ரைஃபிளுக்காக .375 வின்செஸ்டர் என்றொரு சிறிய தோட்டாவைக் கொண்டுவந்தது. அதில் 200 கிரெயின் குண்டு கிளம்பும் வேகம் 2200 அடி. அந்த வேகத்தில் மானின் விலாவில் பட்டு அழகாக விரிய வேண்டும் என்பதற்காக மெல்லிய உறை, மிருதுவான ஈயம், தட்டை மூக்கு. அதே குண்டை உங்கள் பெரிய கூட்டில் போட்டு 3000 அடிக்கு விரட்டினால், தோள் எலும்பில் பட்ட மாத்திரத்தில் துண்டு துண்டாகிவிடும். மேலே தட்டு அகலத்துக்குக் காயம், உள்ளே நுரையீரலுக்குப் போவது துகள்கள். மான் ஓடிப்போய்ப் புதருக்குள் இரவெல்லாம் வேதனைப்பட்டுச் சாகும். உங்கள் நண்பர் இப்படி ஒன்றைப் பார்த்திருக்கக் கூடும். 2000 முதல் 2200 அடிக்குள் ஓட்டினால் இதே குண்டு 125 கஜத்துக்குள் நிற்கும் மானுக்கு நன்றாகவே வேலை செய்யும். பழகுவதற்கும் ஏற்றது, விலையும் குறைவு. எல்க்குக்கு மட்டும் வேண்டாம்.

என் தேர்வு 235. அதில் இரண்டு வகை உண்டு. ஸ்பியர் நிறுவனத்தின் 235, ஈயம் நிரப்பி உறையிட்டது. குறைந்த வேகத்திலும் விரியும். பார்ன்ஸ் நிறுவனத்தின் 235 முழுக்கச் செம்பு. அதன் மூக்கில் உள்ள குழி திறந்து நான்கு இதழாக மலர வேண்டும். இலக்கில் படும்போது வேகம் போதவில்லை என்றால் இதழ் பிரியாமல், ஊசி போல் ஒரு சிறு துளையிட்டுக்கொண்டு மறுபக்கம் போய்விடும். ஒவ்வொரு செம்புக் குண்டுக்கும் குறைந்தபட்சம் எந்த வேகத்தில் விரியும் என்று தயாரிப்பாளரே சொல்வார். 2400 அடியில் கிளம்பும் குண்டு 200 கஜம் போவதற்குள் 1900 அடிக்கு இறங்கிவிடும். அது பல செம்புக் குண்டுகளுக்கு விளிம்பு நிலை. எனவே உதை குறைய வேண்டும் என்று 2400-இல் ஓட்டுவதானால் ஈயக் குண்டு. செம்புதான் வேண்டும் என்றால் 2600-க்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். உதை 28 அளவுக்கு ஏறும். அதைத் தாங்கத்தான் வேண்டும்.

செம்பை ஏன் விரும்ப வேண்டும் என்பதற்கு ஒரு காரணம் சொல்கிறேன், வீட்டில் குழந்தைகள் இருந்தால் இதைக் கவனியுங்கள். வேகமாகப் படும் ஈயக் குண்டு கண்ணுக்குத் தெரியாத துகள்களைக் காயத்திலிருந்து வெகுதூரம் வரை இறைச்சியில் தெளிக்கிறது. 2008-இல் அமெரிக்காவின் வட டகோட்டா மாநிலத்தில், ஏழைகளுக்கான உணவு வங்கிகளுக்கு வேட்டைக்காரர்கள் தானமாகக் கொடுத்த மான் இறைச்சியில் ஈயத் துகள்கள் இருப்பது தெரியவந்து, அதைப் பயன்படுத்த வேண்டாம் என்று சுகாதாரத் துறை சொல்ல நேர்ந்தது. கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை முதல் எந்த வேட்டைக்கும் ஈயக் குண்டு கூடாது. வேகம் குறைந்தால் துகளும் குறையும். ஆனாலும் ஈயக் குண்டால் அடித்த மானில், காயத்தைச் சுற்றி இரத்தம் கட்டிய சதையைத் தயங்காமல் அகலமாக வெட்டி எறியுங்கள். கர்ப்பிணிகளுக்கும் சிறு குழந்தைகளுக்கும் செம்புக் குண்டால் அடித்த இறைச்சி மட்டும் போதும்.

வேகத்தை எப்படி இறக்குவது? இங்கேதான் உயிர் ஆபத்து இருக்கிறது. மருந்தைக் கொஞ்சம் குறைத்துப் போட்டால் பாதுகாப்பு கூடும் என்று புதிதாக வருபவர்கள் நம்புகிறார்கள். மெதுவாக எரியும் மருந்து வகைகளில் அது நேர்மாறாகலாம். கூட்டில் பாதி காலியாக இருக்கும்போது மருந்து படுக்கைவாட்டில் பரந்து கிடக்கிறது, பிரைமரின் தீ அதன் மேற்பரப்பில் தாவிப் பாய்கிறது. சில நேரம் தாமதித்து வெடிக்கிறது. சில நேரம் அழுத்தம் அளவு மீறி எகிறித் துப்பாக்கியே பிளந்திருக்கிறது. இதன் காரணத்தைப் பற்றி நிபுணர்களிடையே பல விளக்கங்கள் உண்டு, விளைவைப் பற்றிக் கருத்து வேறுபாடே இல்லை. எனவே கையேடு சொல்லும் தொடக்க அளவுக்குக் கீழே மெதுவான மருந்தை இறக்கவே கூடாது.

இதற்குத் தெளிவான, வெளியிடப்பட்ட ஒரு விதிவிலக்கு உண்டு. ஹாட்ஜ்டன் நிறுவனம் தன் ஹெச்4895 மருந்துக்கு, கையேட்டில் உள்ள அதிகபட்ச அளவின் 60 சதவீதம் வரை இறங்கலாம் என்று அனுமதிக்கிறது. உங்கள் தோட்டாவுக்கு ஹெச்4895 பட்டியலில் இருந்தால் மட்டுமே இது செல்லும். பெயரில் 4895 என்று இருக்கும் வேறு நிறுவன மருந்துக்கு இதைப் பொருத்தக் கூடாது. 60 வரை போக வேண்டிய அவசியமும் உங்களுக்கு இல்லை. முழு அளவுக்கும் அதற்கும் இடையில் எங்கோ 2400 அடி வந்துவிடும். வேகத்தை ஊகிக்காதீர்கள், குரோனோகிராஃப் கருவியில் அளந்து பாருங்கள். ஆல்பர்ட்டாவின் நவம்பர் குளிரில் மைனஸ் 20-இலும் அதே தோட்டாவைச் சுட்டு அளந்துவிடுங்கள். ஜூலையில் 2400 காட்டியது அப்போது எவ்வளவு இறங்குகிறது என்பது தெரிந்திருக்க வேண்டும். காலி இடத்தை அடைக்கப் பஞ்சு, தவிடு என்று எதையும் திணிக்காதீர்கள். குழலில் வளையம் விழுந்து துப்பாக்கி வீணாகிவிடும்.

சுட்ட கூட்டைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள், அது நிறையச் சொல்லும். கழுத்திலும் தோளிலும் கரி படிந்திருந்தால், அழுத்தம் போதாமல் கூடு விரிந்து குழலை அடைக்கவில்லை, வாயு பின்னால் கசிந்திருக்கிறது என்று பொருள். பிரைமர் அடிப்பக்கத்திலிருந்து நூலிழை வெளியே தள்ளி நின்றால் அதுவும் அழுத்தம் குறைவு என்பதன் அடையாளம். மருந்தை ஒரு படி ஏற்றலாம். மாறாக, பிரைமர் தட்டையாகி ஓரம் வழிந்திருந்தால், போல்ட்டைத் தூக்கவே கை வலித்தால், அந்தத் தோட்டாக்களில் ஒன்றைக்கூட இனிச் சுடாதீர்கள். சுடும்போது சத்தம் மொத்தென்று அடங்கிக் கேட்டால் உடனே நிறுத்திவிடுங்கள். அரை நிமிடமாவது குழலைப் பாதுகாப்பான திசையில் வைத்திருந்து, பிறகு போல்ட்டைக் கழற்றிக் குழலுக்குள் பாருங்கள். குண்டு பாதியில் சிக்கியிருக்கலாம். அதன் பின்னால் இன்னொன்றைச் சுட்டால் குழல் வெடிக்கும்.

இந்தத் தோட்டாவுக்கே உரிய ஒரு சங்கதி, அடியில் உள்ள பட்டை. 1912-இல் கார்டைட் என்ற குச்சி குச்சியான மருந்துக்காகவும், வெப்ப நாடுகளில் சுட்ட கூடு ஒட்டிக்கொள்ளாமல் வெளியே வருவதற்காகவும் கூட்டை நீளமாக, சரிவாக, தோளே தெரியாத அளவுக்கு வழுக்கலாகச் செய்தார்கள். அந்தச் சரிந்த தோளில் தோட்டாவை நிறுத்த முடியாது என்பதால் அடியில் பட்டை வைத்து அதில் நிறுத்தினார்கள். விளைவு, சுடும்போது பட்டைக்குச் சற்று மேலே பித்தளை நீள்கிறது. சுட்ட கூட்டைப் பழைய அளவுக்கு அழுத்தும் டையை அடிவரை இறக்கி ஒவ்வொரு முறையும் தோளைப் பின்னுக்குத் தள்ளினால், சில தடவைகளிலேயே அந்த இடம் மெலிந்து கூடு இரண்டாகப் பிரியும். டையைக் கொஞ்சம் மேலே நிறுத்தி, தோளை மயிரிழை மட்டும் தள்ளுங்கள். உங்கள் ரைஃபிளில் கூடு நன்றாக நீடிக்கும். ஒரு காகித கிளிப்பை நிமிர்த்தி, முனையை வளைத்துக் கூர்மையாக்கிக் கூட்டுக்குள் விட்டு உட்சுவரைக் கீழிருந்து மேலே வருடிப் பாருங்கள். பட்டைக்கு மேலே முனை ஒரு பள்ளத்தில் தட்டி நின்றால் அந்தக் கூட்டின் ஆயுள் முடிந்தது. வெளியே அதே இடத்தில் பளபளவென்று ஒரு வளையம் தெரிவதும் இதே எச்சரிக்கைதான். கூட்டை நசுக்கி எறிந்துவிடுங்கள், மறுபடி யார் கையிலும் சிக்கக் கூடாது.

குண்டு குட்டை என்பதால் கூட்டின் கழுத்தில் சரியாகப் பிடி கிடைக்கிறதா என்று பாருங்கள். குழலின் புரிக்கு நெருக்கமாகக் கொண்டுபோக வேண்டும் என்ற ஆசையில் குண்டை வெளியே இழுத்து வைத்தால் கழுத்தில் பிடிப்புப் போய்விடும். கையேட்டில் உள்ள மொத்த நீளத்தையே வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் குழலில் புரி பெரும்பாலும் 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று. 235-க்கு அது தேவைக்கு மேலேயே போதும்.

.375 எந்தக் குண்டைப் போட்டாலும் ஒரே இடத்தில் அடிக்கும் என்று பெருமையாகச் சொல்வார்கள். நம்ப வேண்டாம், காகிதத்தில் சுட்டுப் பாருங்கள். ஸ்கோப்பை 150 கஜத்துக்குச் சரிசெய்தால், 2400 அடி தோட்டா 100 கஜத்தில் ஓர் அங்குலத்துக்குச் சற்று மேலேயும், 200-இல் நாலு அங்குலத்துக்குள் கீழேயும் அடிக்கும். மானின் நெஞ்சுக்கூட்டுக்கு அது போதுமான துல்லியம். அதற்கு மேல் தூரம் இந்தத் தோட்டாவின் வேலை அன்று. எல்க் வேட்டைக்குக் கிளம்பும் வாரம் 260 அல்லது 270 கிரெயின் முழுத் தோட்டாவுக்கு மாறுங்கள், ஸ்கோப்பை அதற்கென மறுபடி சரிசெய்யுங்கள். கிரிஸ்லி கரடி நடமாடும் பகுதி என்றாலும் அதுவே. இரண்டு வகைத் தோட்டாவையும் ஒரே சட்டைப்பையில் போட்டுக்கொண்டு காட்டுக்குள் போகக் கூடாது. பெட்டியின் மேல் குண்டு, மருந்து, அளவு, தேதி நான்கையும் எழுதி ஒட்டுங்கள்.

இவ்வளவும் எதற்காக என்றால், கன்றிய தோளைவிடப் பெரிய கேடு, கண்ணை மூடிக்கொண்டு விசையை இழுக்கும் பழக்கம். உதை வரப்போகிறது என்று உடம்பு முன்கூட்டியே சுருங்குகிறது. குழல் கீழே சாய்கிறது. நெஞ்சில் பட வேண்டியது வயிற்றில் படுகிறது. 38 அடி-பவுண்டுத் தோட்டாவைப் பயந்துகொண்டு சுடுபவரைவிட, 23 அடி-பவுண்டுத் தோட்டாவை நிதானமாகச் சுடுபவர் கையில் மான் வேதனையில்லாமல் சாகும். தோட்டா நிரப்புவதோடு நல்ல ரப்பர் மெத்தை ஒன்றையும் கட்டையில் பொருத்துங்கள். பழகும்போது மேசையில் குனிந்து சுடாமல் நின்றுகொண்டு சுடுங்கள். உடம்பு பின்னால் அசைய இடமிருந்தால் உதை பாதி தெரியாது. காதுக்கு எப்போதும் மூடி போடுங்கள், பயத்துக்குச் சத்தமும் ஒரு காரணம்.

தமிழ்நாட்டிலிருந்து படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதன் 1991 திருத்தமும் வேட்டையை நிறுத்திவிட்டன. உரிமமின்றித் தோட்டா தயாரிப்பதும் குற்றம். இந்தப் பதில் சட்டம் இடம் கொடுக்கும் நாட்டில் இருப்பவர்களுக்கு மட்டுமே.

கேள்வி: டெக்ஸஸில் இருக்கிறேன். என்னிடம் இருப்பது .35 வீலன். காட்டுப் பன்றிதான் இங்கே தொல்லை. கைத்துப்பாக்கிக்கான 158 கிரெயின் .357 குண்டு மலிவாகக் கிடைக்கிறது. அதையே இதில் போட்டு நிரப்பலாமா?

பதில்: பழகுவதற்குப் போடலாம்; பன்றிக்கு வேண்டாம். .35 வீலன், 1922-இல் .30-06 கூட்டின் கழுத்தை அகலமாக்கி உருவான தோட்டா. டவுன்செண்ட் வீலன் என்ற இராணுவ அதிகாரியின் பெயரைத் தாங்கியது. ரெமிங்டன் அதைக் கடைச் சரக்காக்கியது 1980-களின் இறுதியில்தான். .375-காரருக்கு இல்லாத வசதி உங்களுக்கு உண்டு. உங்கள் ரைஃபிள் குண்டின் விட்டம் .358, கைத்துப்பாக்கிக் குண்டின் விட்டம் .357, இரண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை. ரெமிங்டன் குழலில் புரி 16 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்று மெதுவாக இருப்பதால் குட்டைக் குண்டு நன்றாகவே நிலைப்படும்.

ஆனால் அந்தக் குண்டு 1200 முதல் 1500 அடி வேகத்தில் விரிவதற்காகச் செய்யப்பட்டது. ரைஃபிள் வேகத்தில் பன்றியின் தோள் கவசத்தில் பட்டால் மேலேயே உடைந்துவிடும். காயம்பட்ட பன்றி உங்களையே தேடி வரும். பன்றிக்கு 180 அல்லது 200 கிரெயின் ரைஃபிள் குண்டு போடுங்கள். பழகுவதற்கான தோட்டாவில் சீக்கிரம் எரியும் மருந்தைச் சிறிதளவு போடச் சொல்லும் கையேடுகள் உண்டு. அப்போது ஓர் ஆபத்தை மறக்கக் கூடாது. பெரிய கூட்டில் சிறிதளவு மருந்து அடியில் கிடக்கும். தவறி இரண்டாம் முறை போட்டாலும் வெளியே வழியாது, கண்ணுக்கும் தெரியாது. அந்த இரட்டை அளவு துப்பாக்கியை வெடிக்கவைக்கும். மருந்து போட்ட கூடுகளை வரிசையாகத் தட்டில் நிறுத்தி, குண்டு பொருத்தும் முன் ஒவ்வொன்றின் உள்ளேயும் டார்ச் அடித்துப் பாருங்கள். கூட்டை நன்றாக நிரப்பும் மருந்தாகத் தேர்ந்தெடுத்தால் இந்தக் கவலையே இராது.

கேள்வி: ஸ்வீடனுக்கு வந்து சில வருடம் ஆகிறது. 9.3x62 ரைஃபிளில் 286 கிரெயினுக்குப் பதில் 232 கிரெயின் குண்டு போட்டால் மூஸுக்குப் போதுமா? அதற்காகத் தோட்டா நிரப்பும் கருவிகள் வாங்கலாமா?

பதில்: போதும், கருவிகள் வேண்டாம். பெர்லின் துப்பாக்கித் தொழிலாளி ஓட்டோ பாக் 1905-இல் உருவாக்கிய தோட்டா இது. ஸ்காண்டிநேவியாவில் மூஸுக்கு இதன் மதிப்பு இன்றும் குறையவில்லை. 232 கிரெயின் என்பது 15 கிராம். மூஸுக்கு ஸ்வீடன் சட்டம் கேட்பது, 10 கிராமும் அதற்கு மேலும் உள்ள குண்டென்றால் 100 மீட்டரில் 2000 ஜூல். உங்கள் குண்டு அதை வெகுதூரம் தாண்டுகிறது. உள்ளூர் நிறுவனமான நார்மாவே 232 கிரெயின் ஓரிக்ஸ் குண்டோடு தோட்டா விற்கிறது. உறையோடு ஈயத்தை ஒட்டிச் செய்தது, மூஸின் எலும்பிலும் பிரியாது. வருடத்துக்கு ஒரு பருவம் மட்டும் வேட்டைக்குப் போகிறவருக்குப் பிரஸ், டை, தராசு என்று செலவழிப்பதில் பயனில்லை. அந்தப் பணத்துக்கு இன்னும் சில பெட்டித் தோட்டா வாங்குங்கள். அக்டோபர் வருவதற்குள் ஊர்ச் சுடுதளத்தில் ஓடும் மூஸ் இலக்கில் அவற்றைச் சுட்டுத் தீர்த்துவிடுங்கள்.